கார்டில் பத்தொன்பது, நிஜத்தில் பதினேழு

போன வாரம் கோர்ட் கேண்டீனில் நான் போட்ட சத்தம் வெளியே வண்டி ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். டீ மாஸ்டரே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பக்கத்து மேசையில் கீர்த்தனா என்று ஒரு சின்ன வயசு வக்கீல். நல்ல பெண், கெட்டிக்காரி. எதிரே ஒருத்தர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அவரிடம், "அது முடிஞ்சு போன கேஸ் சார். தண்டனையும் அனுபவிச்சாச்சு. இனிமே அதுல ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ குபீரென்று கிளம்பிவிட்டது.

"யாரும்மா சொன்னது முடியாதுன்னு? யார் சொன்னது?"

"அண்ணே, மெதுவா... ஐ.பி.சி.யே இப்ப இல்லண்ணே. எல்லாம் புதுச் சட்டம். எல்லாம் ஈ-ஃபைலிங்."

"ஈ-ஃபைலிங் வந்தா என்ன, எறும்பு ஃபைலிங் வந்தா என்ன? மனுசன் அதே மனுசன் தானே? அவர்கிட்ட ஒரு கேள்வியாவது கேட்டியா நீ?"

அவள் சிரித்துவிட்டாள். "சரிண்ணே, கத்தாதீங்க. உங்க கதையை எழுதிக் குடுங்க. நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். எழுத மாட்டேன் என்று நினைத்துச் சொல்லியிருப்பாள். இதோ எழுதிவிட்டேன்.

என் பெயர் ஜெயபால். ஊர் தாமல். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று முடி தூக்கியவர். நான் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்ததும், எங்கள் சர்ச் பாஸ்டர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு விட்டார். முதல் பத்து வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கட்டு தூக்கினேன், திட்டு வாங்கினேன். அதற்கப்புறம் தான் வேதவல்லி மேடம் ஆபீசுக்கு வந்தேன். ரிட்டயர் ஆகும் வரைக்கும் அங்கேயே தான்.

மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. ஆள் குள்ளம். குரல் மட்டும் கூட்ஸ் வண்டி. உட்கார்ந்து யோசிக்கவே தெரியாது. கட்சிக்காரர் நாற்காலியில், நான் ஸ்டூலில், மேடம் மட்டும் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றி மேல் ஏற்றிவிட்டு, "என் கண்ணாடி எங்கய்யா ஜெயபால்?" என்று தேடுவார். நான் சொல்ல மாட்டேன். தேடும்போது தான் அவருக்கு நல்ல யோசனை வரும், ஏன் கெடுப்பானேன்?

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறெந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. புதுக் கேஸ் வந்தால் என்னை அரசு வக்கீல் ஆக்கிவிடுவார். "ஜெயபால், எந்திரி. நீ தான் எதிர்த்தரப்பு. என்னை விடாதே, அடி!" என்பார். அவர் ஒரு வாதம் வைக்க வேண்டும், நான் அதை உடைக்க வேண்டும். உடைக்க முடியாமல் நான் வாயடைத்து நின்றால் தான் அந்த வாதம் பேப்பருக்குப் போகும். ஐயோ, அதில் எனக்கு இருந்த குஷி! அரசு வக்கீல்கள் கூட அப்படி முறைத்திருக்க மாட்டார்கள், நான் முறைப்பேன். ஒருமுறை மேசையைத் தட்டி மைப்புட்டியைக் கவிழ்த்து, மேடத்தின் புதுப் புடவை பாழாயிற்று. "பரவால்ல, வாதம் நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவன் தான் தணிகாசலம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் காஞ்சிபுரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் பஸ், அதற்கு டிரைவர். நாற்பதைத் தாண்டிய ஆள். காக்கிச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான். ஆனால் உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"புது காண்ட்ராக்டர் வந்துக்கீறாரு மேடம். டிரைவருங்க எல்லாரும் போலீஸ் சர்டிபிகேட் வாங்கிக்கினு வரணும்னு சொல்லிட்டாரு. லேடீஸ் ஏத்துற வண்டி, அவர் கேக்கறதும் நியாயம் தான். ஆனா எனக்குப் பழைய கேஸ் ஒண்ணு இருக்குது. மூணு வருஷம் ஜெயில்ல இருந்தேன்."

"இப்ப வண்டி ஓட்டுறியா?"

"இல்ல மேடம். சர்டிபிகேட் வர்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதேன்னுட்டாரு. ஷெட்ல வண்டி கழுவுறேன். என் வண்டியை வேற பையன் ஓட்டுறான். பிரேக்கை மிதிக்கிறான் பாருங்க, உள்ள இருக்கற பொண்ணுங்க எல்லாம் முன்சீட்ல போய் இடிச்சுக்குதுங்க."

அதைச் சொல்லும்போது தான் அவனுக்குக் குரல் உடைந்தது. தனக்கு வேலை போவதைச் சொன்னபோது கூட உடையவில்லை. அந்தப் பெண்கள் அவனை அண்ணே, அண்ணே என்று கூப்பிடுமாம். தூங்கிப்போய் ஓடிவரும் பெண்ணுக்காக வண்டியை நிறுத்தி வைப்பானாம். "எதுக்கு அண்ணே வண்டி கழுவுறீங்கன்னு கேக்குதுங்க. முதுகு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். விஷயம் தெரிஞ்சா அதுங்க என் வண்டியில ஏறுமா மேடம்?" என்றான்.

கேஸ் என்ன என்று மேடம் கேட்டார். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுப் பையன் அவன். அங்கே விடிகாலையில் தெருவோடு தெருவாகப் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழை தான் பாவு. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இழை இழையாகச் சீர் பண்ணுவார்கள். இன்று என் வீட்டுப் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் வீட்டுப் பாவுக்கு நான் வருவேன். அது முடியும் வரை அந்தத் தெருவில் சைக்கிள் கூடப் போகாது. தணிகாசலம் அந்தக் காலத்தில் இரவல் மொபெட் ஒன்றை ஓட்டிப் பழகிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக் கன்னியப்பனின் பாவு மேலேயே ஏற்றிவிட்டான். இழை அறுந்து தெருவெல்லாம் சிக்கல். கன்னியப்பன் தெரு நடுவில் வைத்து இவனை அறைந்தார். இவனுடைய அப்பாவையும் ஏதோ சொல்லிவிட்டார். இவன் பாவு கட்டுகிற கட்டையைப் பிடுங்கி ஒரே போடு. கன்னியப்பனின் வலது முழங்கை உடைந்தது. அப்புறம் அது சரியாக மடங்கவே இல்லை. தறியில் உட்கார முடியாத ஆளாகிவிட்டார்.

"நான் அடிச்சேன் மேடம். அது பொய் இல்ல. அடிக்கலைன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றான் தணிகாசலம்.

மேடம் நின்றுவிட்டார். நடந்துகொண்டே இருக்கிறவர் நின்றால், ஆள் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

"ஜெயபால், எந்திரி!"

எழுந்தேன். ஆரம்பமாயிற்று எங்கள் கச்சேரி.

"அப்பீல் போடறேன். காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு குடுக்கறேன்."

"இத்தனை வருஷமா எங்கம்மா போயிருந்தீங்க? தண்டனையை அனுபவிச்சு முடிச்சு, கல்யாணம் பண்ணி, புள்ள குட்டி பெத்து, இப்ப தான் அப்பீல் ஞாபகம் வந்துச்சா? தள்ளுபடி!"

"ஆளுநர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

"கேளுங்க, தாராளமா கேளுங்க! பேப்பர் எந்த மேசையில எத்தனை காலம் தூங்கும்னு யாருக்குத் தெரியும்? மன்னிச்சாலும் தப்பு பண்ணவன் தான்னு ரெக்கார்டு அப்படியே நிக்கும். அதைப் பாத்துட்டு போலீஸ் சர்டிபிகேட் குடுக்குமா?"

"அடிபட்டவர்கூட சமரசம்."

"இந்தப் பிரிவுக்குச் சமரசம் கிடையாது மேடம். சட்டப் புத்தகத்தை ஒழுங்கா படிங்க!"

"ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தை விதியில விட்டிருக்கணும்னு சொல்றேன். அப்படி விட்டிருந்தா எந்தத் தகுதியும் போயிருக்காது."

"அதைத் தண்டனை சொல்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். ஜெயில் சோறு தின்னு முடிச்சவனுக்கு இப்ப நன்னடத்தையா?"

எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன். எனக்கு ஒரே பெருமை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று என் குஷியெல்லாம் இறங்கிப்போயிற்று. அடப்பாவி, இது விளையாட்டு இல்லையே, இவன் பிழைப்பு ஆயிற்றே!

மேடம் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "அடிச்சப்ப உனக்கு என்னப்பா வயசு?"

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தான். "கார்டுலயா மேடம், நிஜத்துலயா?"

நான் சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷ வேலையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்த ஒரு தடவை தான். மேடத்தின் நெற்றியிலிருந்து கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது.

"என்னப்பா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

அவன் சாதாரணமாகச் சொன்னான். நெசவாளர் சொசைட்டியில் மெம்பராக இருந்தால் தான் அந்த ஆள் பேரில் பட்டும் சரிகையும் கிடைக்கும், தறி ஓடும். மெம்பர் ஆகப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டாவது தறி சும்மா நின்றது. அதனால் அப்பா அவனுக்கு வயசை இரண்டு ஏற்றிப் போட்டுச் சொசைட்டி கார்டு வாங்கிவிட்டார். "எங்க தெருவுல பாதி வீட்ல அப்படித்தான் மேடம். போலீஸ் புடிச்சப்போ அந்தக் கார்டு தான் பாக்கெட்ல இருந்துச்சு. பத்தொன்பதுன்னு எழுதிக்கினாங்க."

"உன் வக்கீல்கிட்ட நிஜ வயசைச் சொல்லலையா?"

"அப்பா வேணாம்னுட்டாரு. சொன்னா கார்டு போயிடும், ரெண்டு தறியும் நின்னுடும், தங்கச்சிங்க சோத்துக்கு என்ன பண்ணும்னாரு. நானும் வாயை மூடிக்கினேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பார்த்து அவர் உட்கார்ந்து பேசியது அன்று தான். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அவன் அடித்த காலத்தில், ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயசு வரை தான் சட்டம் சிறுவன் என்றது. அவன் ஜெயிலில் இருக்கும்போதே அந்த வரம்பு பதினெட்டு ஆயிற்று. உள்ளே தண்டனையில் இருக்கிறவர்களுக்கும் அது பொருந்தும் என்று பிற்பாடு தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். குற்றம் நடந்த அன்று ஒருவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்ற பேச்சை எந்தக் கட்டத்திலும் எடுக்கலாம். வழக்கு முடிந்து எத்தனை வருஷம் ஆனாலும் எடுக்கலாம். நிரூபித்துவிட்டால் தண்டனை நிற்காது, அதனால் வருகிற தகுதிக் குறைவு எதுவும் கிடையாது, ரெக்கார்டையே எடுத்துவிட வேண்டும்.

"அப்படின்னா நான் அடிச்சது?" என்றான் தணிகாசலம்.

"அடிச்சது அடிச்சது தான்பா. அதை யாரும் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. ஆனா நீ குழந்தையா அடிச்சே. சட்டம் அதை வேற மாதிரி பாக்கணும்."

"நான் உள்ள இருக்கும்போதே மாறிடுச்சா மேடம்? யாருமே சொல்லலியே."

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று தெரியாத கோபம். ஸ்டூலை ஒரு உதை உதைத்தேன். கால் விரல் வீங்கியது தான் மிச்சம்.

வேலை ஓட்டமாக ஓடிற்று. அவன் சின்ன வயசில் படித்த நகராட்சிப் பள்ளிக்கு நான் போனேன். அங்கே தலைமை ஆசிரியை தங்கமான மனுஷி, தேடி எடுத்துச் சான்று கொடுத்தார். கணக்குப் போட்டால் அடித்த அன்று பதினேழு முடிந்து சில மாசம். சென்னை ஐகோர்ட்டில் மனு போட்டோம். ஐகோர்ட், வயசை விசாரித்து அறிக்கை அனுப்பு என்று காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு உத்தரவு போட்டது. நான் இனிப்பு வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். மேடம் தொடவில்லை.

"ஜெயபால், எந்திரி. நீ அரசு வக்கீல். இந்தப் பள்ளிச் சான்றை அடி."

ஒரு நிமிஷம் யோசித்தேன். அடித்தேன். "பெத்த அப்பனே கையெழுத்துப் போட்டு வாங்கின கார்டுல ஒரு வயசு. பள்ளிக்கூடத்துல ஒரு வயசு. கார்டு வேணும்னா ஏத்துவீங்க, ஸ்கூல்ல சேக்கணும்னா குறைப்பீங்க. எது பொய்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"அதான்யா! அதைத் தான் கேப்பாங்க" என்றார் மேடம். "அப்பா உயிரோட இல்ல. அந்தக் கார்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்ட மெம்பர் ஒருத்தர் இருப்பாரே, யாரு?"

தணிகாசலத்துக்குப் போன் போட்டோம். கேட்டதும் இழுத்து இழுத்துச் சொன்னான்.

"கன்னியப்பன் மாமா தான் போட்டாரு மேடம்."

யார் கையை இவன் உடைத்தானோ அவரே! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடம் கோர்ட் மூலமாக அவருக்குச் சம்மன் அனுப்ப மனு போட்டார். என்னைக் கூப்பிட்டு விரலை நீட்டி எச்சரித்தார். "அவர்கிட்ட போய் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது. வந்து அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டும். புரியுதா?"

நான் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. ரங்கசாமி குளத்துப் பக்கம் காய் வாங்கிக்கொண்டிருந்த என்னைக் கன்னியப்பன் தான் பிடித்தார்.

"யோவ், நீ தானே அந்த வக்கீலம்மா குமாஸ்தா? இங்க வா."

போனேன். வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மடக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. "பாத்துக்கினியா? சட்டை பட்டனை இன்னைக்கும் என் சம்சாரம் தான் போட்டு வுடுறா. அவனுக்கு நான் சாட்சியா? நான் வந்து கூண்டுல நின்னு அவன் நல்லவன்னு சொல்லணுமா?"

மேடம் சொன்னது மண்டையில் மணி அடித்தது. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டால் தானே? "நல்லவன்னு சொல்ல வேணாங்க. வயசைச் சொன்னா போதும்."

"போய்யா! அவன் ஜெயிலுக்குப் போனான், மூணு வருஷத்துல திரும்பி வந்துட்டான். என் கை திரும்பி வந்துச்சா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கத்திரிக்காய்ப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆபீசில் வாங்கின திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. "சாட்சிகிட்ட பேசாதேன்னு சொன்னேனா இல்லையா! அவர் வராமப் போனா அந்தப் பையனுக்கு நீ தான்யா பதில் சொல்லணும்!" அன்றிலிருந்து விசாரணை நாள் வரை எனக்குத் தூக்கம் இல்லை. கர்த்தரே, அந்த மனுஷன் வந்துவிட வேண்டும் என்று ஜெபம் பண்ணாத வேளை இல்லை.

விசாரணை அன்று வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. தணிகாசலம் பின் பெஞ்சில் இருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கன்னியப்பன் கூண்டில் ஏறினார். மேடம் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார். "சொசைட்டி கார்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டது நீங்க தானே? அதுல இருக்கிற வயசு சரியா?"

"தப்பு. ரெண்டு வயசு ஏத்திப் போட்டது. அவங்க அப்பன் கேட்டான், நான் போட்டேன்."

கோர்ட்டில் சலசலப்பு. அரசு வக்கீல் எழுந்தார். நான் ஆபீசில் முறைத்த மாதிரியே முறைத்தார். "பொய்க் கையெழுத்து போட்டேன்னு ஒத்துக்கிறீங்களா? அதுக்கு உங்க மேலயே வழக்கு வரும், தெரியுமா?"

"வந்தா வரட்டும் சார். என் பொய்யை நான் தானே சொல்லணும்? வேற யார் வந்து சொல்லுவாங்க?"

"சரி. பள்ளிக்கூடத்து வயசு தான் நிஜம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுப் பையன் எப்பப் பொறந்தான்னு இத்தனை வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்குமா?"

கன்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு எப்படி சார் மறக்கும்? அன்னைக்கு தெருவுல நீட்டிக்கினு இருந்தது என் கல்யாணப் பாவு!"

"என்னது?"

"என் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை நானே நெய்யணும்னு ஆசை. பாவு நீட்டி, தெருவே சுத்தி நின்னு புடிச்சுக்கினு இருக்குது. இவங்க வீட்ல இருந்து குவான்னு ஒரு சத்தம். அவ்ளோ தான்! ஆம்பளப் புள்ள, ஆம்பளப் புள்ளன்னு பாதிப் பேர் பாவை அப்படியே வுட்டுட்டு ஓடிட்டாங்க. எல்லாம் சிக்கிப்போச்சு. புடவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தான் தறியில இருந்து இறங்குச்சு. எங்க மாமனார் வீட்ல என்னைக் கிழிச்சுட்டாங்க. பொறந்த அன்னைக்கே என் பாவைக் கெடுத்தவன் சார் இவன்! கல்யாணப் பத்திரிகை பீரோவுல இருக்குது, தேதி பாத்துக்குங்க. அந்தத் தேதிக்கு முந்தின மாசம் இவன் பொறந்தான்."

கோர்ட்டே சிரித்துவிட்டது. நீதிபதி கூடக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

கன்னியப்பன் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "அவன் அடிச்சது அடிச்சது தான். அதை நான் மன்னிக்கலை. கை போனது போனது தான். ஆனா அன்னைக்கு அவன் சின்னப் பையன். நானும் தெரு நடுவுல வெச்சு அவங்க அப்பனைப் பேசியிருக்கக் கூடாது. வயசுல சொன்ன பொய் என்னுது. அதை அவன் சுமக்க வேணாம்."

இறங்கி, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். பின் பெஞ்சில் தணிகாசலம் எழுந்து கை கூப்பியபடி நின்றிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அறிக்கை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. உத்தரவு வந்த அன்று மேடம் அதை மேசை மேல் வைத்து, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். சம்பவம் நடந்த அன்று மனுதாரர் சிறுவர். தண்டனை ரத்து. அந்தத் தீர்ப்பால் அவருக்கு எந்தத் தகுதிக் குறைவும் கிடையாது. ரெக்கார்டை நீக்க வேண்டும். நான் படித்து முடிக்கும் முன்னால் தணிகாசலம் என் காலைத் தொட வந்துவிட்டான். "அட, எந்திரிப்பா! மேடத்துக்குப் பண்ணுடா, நான் உன்னை எதிர்த்து வாதாடினவன்!" என்று கத்தினேன். மேடம் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். நெற்றியில் தான் இருந்தது. அன்று மட்டும் சொன்னேன்.

அதோடு ஓய்ந்தது என்று நினைக்காதீர்கள். போலீஸ் ஆபீசில் உத்தரவைக் காட்டி, கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பதிவை எடுக்க வைக்க நான் அலைந்தது தனிக் கதை. போய்ப் போய் நின்றேன். கடைசியில் சர்டிபிகேட் வந்தது. காண்ட்ராக்டர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் வண்டியில் நானும் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பார்க்காமல் எப்படி இருப்பேன்? விடிகிற நேரம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "அண்ணே, முதுகு வலி போச்சா?" என்று கேட்டபடி ஒவ்வொரு பெண்ணாக ஏறியது. அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். பிரேக் போட்டால் கூடத் தெரியாத ஓட்டம்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு திருப்பத்தில் வண்டி நின்றது. எதிரே ஒரு பாவு தெரு முனையையும் தாண்டி ரோடு வரைக்கும் நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள். இந்தக் கோடியில் கட்டை அருகே நிற்கிறவர் யார் என்று பார்த்தால், கன்னியப்பன்! இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறான். தணிகாசலம் எஞ்சினையே அணைத்துவிட்டான். கை இரண்டும் ஸ்டியரிங் மேல். உள்ளே இருந்த பெண்கள், "லேட்டாகுது அண்ணே, ஓரமாப் போயிடுங்க, இடம் இருக்குது" என்றன. அவன் அசையவில்லை.

பாவு சீராகி, சுருட்டி எடுக்கிற வரைக்கும் பஸ் நின்றது. கடைசியாகக் கட்டையை யாரிடமோ கொடுத்துவிட்டு, கன்னியப்பன் மெதுவாக நடந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்தார். மேலே பார்த்தார்.

"இந்த வாட்டியாவது நின்னியேடா" என்றார்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு, போ என்று கையைக் காட்டினார். தணிகாசலத்துக்குச் சாவியைத் திருப்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வண்டி நகர்ந்ததும், முன் சீட்டுப் பெண் எட்டிக் கேட்டது.

"யாரு அண்ணே அந்தப் பெரியவரு? உங்களுக்குச் சொந்தமா?"

"தெரிஞ்சவரும்மா" என்றான் அவன். கியரை மாற்றினான். "நான் எப்பப் பொறந்தேன்னு அவருக்குத் தான் தெரியும்."